வேகமானிக்கு வித்திட்ட அராகோ

விடுமுறை நாளொன்றில் நண்பர்கள் நால்வர் ஒரு பழைய அம்பாசடர் காரில் நெடுஞ்சாலை வழியே சென்றோம். ஓட்டிய நண்பர் ஸ்பீடாமீட்டரின் முள் 54இல் அசையாமல் நிற்கும்படி ஓட்டினார். பின்னிருக்கையில் இருந்தவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தவாறே சாலையோரக் கிலோமீட்டர்க் கற்களைக் கவனித்து வந்தார். ஒரு கல்லுக்கும் அடுத்த கல்லுக்கும் இடையே சரியாக 60 விநாடி! அப்படியானால் கார் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. முள்ளோ 54 என்கிறது. மெதுவாகச் செல்கிறோம் என்று நம்பிக்கொண்டே விரைந்து சென்றுகொண்டிருந்தோம். பொய் சொல்லும் கடிகாரத்தால் ரயிலைத் தவறவிடலாம். பொய் சொல்லும் வேகமானியால் உயிரையே இழக்கலாம் அல்லவா?

அந்த முள் ஏன் பொய் சொல்கிறது என்று தேடப் புகுந்த எனக்கு ஒரு பேரறிஞரின் வரலாறு கிடைத்தது. சாலையோரக் கல் குறிக்கும் கிலோமீட்டரிலும் அவருடைய உழைப்பு கலந்திருக்கிறது; காரின் முள்ளை நகர்த்தும் விசையிலும் அவருடைய கண்டுபிடிப்பு அடங்கியிருக்கிறது. அவர்தாம் பிரான்சு நாட்டு விஞ்ஞானி பிரான்சுவா அராகோ.

இளமை

அராகோ 1786ஆம் ஆண்டு பிப்ரவரி 26ஆம் நாள், ஸ்பெயின் எல்லைக்கு அருகே எஸ்தாஜெல் என்னும் சிற்றூரில் பிறந்தார். அப்பகுதி மக்கள் அக்காலத்தில் பேசியது கத்தலான் மொழி. அம்மொழி பின்னாளில் அவர் உயிரைக் காக்கப்போகிறது என்பதை அன்று யார் அறிவார்? கணிதத்தில் ஆழ்ந்த அவர் 1803இல் பாரிசின் எக்கோல் பொலித்தெக்னிக் கல்லூரியில் இடம் பெற்றார். பின்னர் பாரிசு வானாய்வுக் கூடத்தில் பணியில் அமர்ந்தார்.

அக்காலத்தில் பிரான்சு உலகுக்கெல்லாம் பொதுவான ஓர் அளவை வகுத்திருந்தது. வடதுருவத்திலிருந்து நிலநடுக்கோடு வரையுள்ள தூரத்தில் கோடியில் ஒரு பங்கே மீட்டர் என்பது அதன் அடிப்படை. இதற்காகப் பாரிசு வழியே செல்லும் நெடுங்கோடு அளக்கப்பட்டது. அளவைத் தெற்கே ஸ்பெயினின் தீவுகள் வரை நீட்டச் சென்ற மெஷேன் 1804இல் நோய்வாய்ப்பட்டு அங்கேயே மாண்டார். அவர் விட்ட பணியைத் தொடர 1806இல் இருவர் புறப்பட்டனர். ஒருவர் பியோ, மற்றவர் இருபது வயது இளைஞர் அராகோ. நம் நாடு 1956இல் சட்டம் இயற்றி மைலை விட்டுக் கிலோமீட்டருக்கு மாறியதே, அந்தக் கிலோமீட்டரின் பின்னே இத்தகையோரின் வியர்வை உண்டு.

மலையும் சிறையும்

தொலைவிலுள்ள நிலையங்களுக்குத் தெரியும்படி மலையுச்சிகளில் இரவில் விளக்கேற்றி, கோணங்களை அளப்பதே அவர்கள் கையாண்ட முறை. 1808இல் பியோ பாரிசுக்குத் திரும்பிவிட்டார். அராகோ மயோர்க்கா தீவின் மலையொன்றில் இருந்தார். அவ்வேளையில் நெப்போலியனின் படைக்கு எதிராக ஸ்பெயின் மக்கள் கொதித்தெழுந்தனர். மலைமேல் விளக்கேற்றும் பிரெஞ்சுக்காரன் ஒற்றனாகத்தான் இருக்கவேண்டும் என்று தீவினர் முடிவு கட்டினர். அவரைப் பிடிக்க ஒரு கூட்டம் மலையேறி வந்தது. மாறுவேடத்தில் இறங்கிவந்த அராகோ அக்கூட்டத்தின் எதிரிலேயே வந்து, அவர்கள் மொழியிலேயே பேசித் தப்பினார். வெளியே இருந்தால் உயிர் தங்காது என்றுணர்ந்து, தாமே கேட்டுக்கொண்டு பெல்வெர்க் கோட்டைச் சிறையில் புகுந்தார்!

அங்கிருந்து ஒரு படகில் அல்ஜியர்சுக்குத் தப்பினார். அங்கிருந்து பிரான்சுக்குக் கப்பலேறினார், கரை நெருங்கும் நேரத்தில் ஸ்பானியக் கொள்ளைக் கப்பல் மறித்தது, மீண்டும் சிறை. விடுதலை பெற்றுக் கப்பலேறினார். புயற்காற்று ஆப்பிரிக்கக் கரைக்கே தள்ளியது. அங்கிருந்து நடந்தே அல்ஜியர்சு சேர்ந்தார். 1809 ஜூலையில்தான் தாய்மண்ணை மிதித்தார். இத்தனை அலைச்சலிலும் அளவைக் குறிப்புகளை அவர் இழக்கவில்லை. அவ்வாண்டே, 23ஆம் வயதில், பிரெஞ்சு அறிவியல் கழகம் அவரை உறுப்பினராக்கிப் பெருமை கொண்டது.

நிழலில் ஓர் ஒளி

ஒளி அலையாகப் பரவுகிறது என்று பிரெனெல் என்னும் இளைஞர் எழுதிய கட்டுரை கழகத்தின் பரிசுப் போட்டிக்கு வந்தது. நடுவர்களில் ஒருவரான புவாசோன் அக்கொள்கையை ஏற்காதவர். இக்கொள்கை மெய்யானால் ஒரு வட்டத் தட்டின் நிழலுக்கு நட்டநடுவே ஒளிப்புள்ளி தோன்றவேண்டுமே, இது நடக்கக்கூடியதா என்று அவர் மறுத்தார். அராகோ வாதிட்டுக்கொண்டிருக்கவில்லை. சிறிய தட்டு ஒன்றை வைத்துச் சோதித்தார். நிழலின் நடுவே புள்ளி ஒளிர்ந்தது! 1819இல் பரிசு பிரெனெலுக்குச் சென்றது.

செம்புத் தட்டு

இனி நம் வேகமானிக்கு வருவோம். ஆடவிட்ட காந்த ஊசி நெடுநேரம் ஆடிய பின்னரே ஓயும். ஆனால் அதன் கீழே ஒரு செம்புத் தட்டு இருந்தால் விரைவில் அடங்கிவிடுகிறது என்பதை அராகோ கண்டார். செம்பு காந்தத்தால் ஈர்க்கப்படாத உலோகம்; பின் எப்படி ஊசியை அடக்குகிறது? நிற்கும் செம்பு ஆடும் ஊசியை நிறுத்துமானால், சுழலும் செம்பு நிற்கும் ஊசியை இழுக்கவேண்டுமன்றோ என்று எண்ணினார். தட்டைச் சுழற்றினார். காற்றின் வேலையோ என்ற ஐயம் வராதபடி இடையே ஒரு தடுப்பும் வைத்தார். ஊசி தட்டோடு சேர்ந்து திரும்பியது. வேகம் கூடியபோது தானும் சுழன்றது. 1824, 1825ஆம் ஆண்டுகளில் நடந்த இச்சோதனைகளுக்காக இலண்டன் ராயல் சங்கம் அவருக்குக் காப்ளி பதக்கம் அளித்தது.

காரணம் என்ன? 1831இல் மைக்கேல் பாரடே அதனை விளக்கினார். காந்தத்திற்கும் உலோகத்திற்கும் இடையே அசைவு இருந்தால் உலோகத்தினுள் மின்னோட்டம் சுழல்கிறது. அம்மின்னோட்டமே இழுவிசையைத் தருகிறது. அசைவு மிகுந்தால் இழுவையும் மிகும்.

இவ்விதியைக் கொண்டு ஜெர்மானியரான ஓட்டோ சுல்ட்சே 1902இல் வேகமானிக்குக் காப்புரிமை பெற்றார். பழைய கார்களில் இருப்பது இவ்வகையே. கியர்ப்பெட்டியிலிருந்து வரும் கேபிள் ஒரு காந்தத்தைச் சுழற்றும். காந்தத்தை ஒட்டி, அதனைத் தொடாமல், ஓர் அலுமினியக் கிண்ணம் உண்டு. சுழலும் காந்தம் கிண்ணத்தை இழுக்கும். மெல்லிய சுருள்வில் ஒன்று எதிர்த்துப் பிடிக்கும். இரண்டும் சமனாகும் இடத்தில் முள் நிற்கும். அராகோவின் சோதனையில் உலோகம் சுழன்றது, காந்தம் தொடர்ந்தது. இங்கே காந்தம் சுழல்கிறது, உலோகம் தொடர்கிறது. அவ்வளவே வேறுபாடு.

முள்ளைத் திருத்துவது எப்படி?

எங்கள் நண்பர் முதலில் செய்தது தவறான வேலை. பட்டறை ஒன்றில் முள்ளைப் பிடுங்கி, ஆறு அளவு தள்ளிப் பொருத்தச் செய்தார். 60இல் சரியாகிவிட்டது. ஆனால் 30இல் ஓடும்போது முள் 33 என்றது. கார் நிற்கும்போதோ 6 என்றது! காரணம் எளிது. அந்தக் கருவி பத்தில் ஒரு பங்கு குறைத்துக் காட்டி வந்தது. 30இல் 3 குறையும், 60இல் 6 குறையும். முள்ளைத் தள்ளி வைத்தால் எல்லா வேகத்திலும் ஒரே 6தான் கூடும். ஓரிடத்தில் சரிசெய்து மற்ற இடங்களையெல்லாம் கெடுப்பது திருத்தம் ஆகாது.

முறையாகத் தேட ஒரு வழி உண்டு. ஓடிய தூரத்தைக் காட்டும் எண்கள் பற்சக்கரத்தால் ஓடுபவை. காந்தத்திற்கும் அவற்றிற்கும் தொடர்பில்லை. பத்துக் கிலோமீட்டர் ஓட்டிக் கற்களோடு ஒப்பிடவேண்டும். தூரமும் வேகமும் ஒரே விகிதத்தில் பிழையானால், டயரின் அளவோ பற்சக்கரமோ மாறியிருக்கிறது. சிறிய டயர் கூடுதலாகச் சுழலும்; முள் மிகைத்துக் காட்டும். பெரிய டயரானால் குறைத்துக் காட்டும். தூரம் சரியாக இருந்து வேகம் மட்டும் பிழையானால், குற்றம் கருவிக்குள்ளே. காந்தம் ஆண்டுகள் செல்லச் செல்ல வலுவிழந்தால் முள் குறைவாகக் காட்டும். சுருள்வில் தளர்ந்தால் மிகுதியாகக் காட்டும். முள் துள்ளித் துள்ளி ஆடினால் கேபிள் வறண்டோ முறுக்கியோ இருக்கிறது. துடைத்துச் சிறிதளவே கிரீஸ் இடவேண்டும், மிகுந்தால் அது கருவிக்குள் ஏறிவிடும்.

எங்கள் காரில் தூரம் சரியாகவே இருந்தது. ஆகவே தேர்ந்த கைவினைஞர் ஒருவர் காந்தத்திற்கு முழு வலுவூட்டி, பின் சிறிது சிறிதாகக் குறைத்து, பல வேகங்களில் ஒப்பிட்டுச் சரிசெய்தார். முள்ளையும் பூச்சியத்திற்கே கொண்டுவந்தார். மறுபடியும் கற்களும் கடிகாரமும் கொண்டு சோதித்தோம். 30இல் 120 விநாடி. 60இல் 60 விநாடி. அன்றுதான் மனம் அமைதி கொண்டது.

இறுதி நாள்கள்

அராகோவின் பிற்கால வாழ்வும் பெருமை மிக்கதே. ஒளியின் வேகத்தைக் காற்றிலும் நீரிலும் ஒப்பிட, சுழலும் கண்ணாடி கொண்டு ஒரு முறையை 1838இல் வகுத்தார். ஆனால் கண்பார்வை மங்கியதால் சோதனையைத் தாமே முடிக்க இயலவில்லை. 1850இல் பூக்கோவும் பிசோவும் அதனை நிறைவேற்றினர். 1848இல் குடியரசு மலர்ந்தபோது அமைச்சரானார். பிரெஞ்சுக் குடியேற்ற நாடுகளில் அடிமை முறையை ஒழித்த ஏப்ரல் 27ஆம் நாள் ஆணை அவர் அங்கம் வகித்த அரசு பிறப்பித்ததே.

பின்னர் லூயி நெப்போலியன் ஆட்சியைக் கைப்பற்றி, அலுவலர் அனைவரும் தமக்கு உறுதிமொழி எடுக்கவேண்டும் என்றார். முதுமையும் நோயும் வாட்டிய நிலையிலும் அராகோ மறுத்து, பதவி விலக முன்வந்தார். முடிவில் ஆட்சியே இறங்கிவந்து அவருக்கு விலக்கு அளித்தது. 1853ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் பாரிசில் அவர் உயிர் நீத்தார்.

நண்பர்களே! இன்றைய புதுக் கார்களில் கேபிளும் கிண்ணமும் மறைந்து மின்னணுக் கருவிகள் வந்துவிட்டன. ஆயினும் நாம் கற்கவேண்டியது மாறவில்லை. முள் காட்டுவதை அப்படியே நம்பிவிடாமல் கல்லோடும் கடிகாரத்தோடும் ஒப்பிடவேண்டும். பிழை தெரிந்தால் முள்ளைத் தள்ளி வைத்து மனநிறைவு கொள்ளாமல் மூலத்தைத் தேடித் திருத்தவேண்டும். ஆய்வுக்கூடத்திலும் தேர்வுத்தாளிலும் வாழ்விலும் நமக்கு இது பொருந்தும். சிறையிலும் கடலிலும் தம் அளவைக் குறிப்புகளைக் காத்துக் கொணர்ந்த அராகோவின் வாழ்வு அதற்கு நல்ல வழிகாட்டி.