கரிவளிக்குக் கணக்குப் போட்ட அர்ஹீனியஸ்

படிவம் நான்கு வேதியியலில் அமிலம், காரம் பாடத்தைத் திறந்ததுமே சுவாந்தே அர்ஹீனியஸ் என்ற பெயர் வந்துவிடும். நீரில் கரைந்து ஹைட்ரஜன் அயனியைத் தருவது அமிலம் என்பது அவர் தந்த வரையறை. எஸ்.பி.எம். தேர்வுக்கு அதை மனப்பாடம் செய்தவர்களில் நானும் ஒருவன். பல்கலைக்கழகத்தில் வினைவேகம் படித்தபோது அவர் ஒரு சமன்பாடாக மறுபடியும் வந்தார். மூன்றாவது முறை அவரைச் சந்தித்தது பருவநிலை மாற்றம் பற்றிய விரிவுரையில். இவரும் அவரும் ஒரே ஆள்தானா என்று சந்தேகப்பட்டுத் தேடிப் பார்த்தேன். ஒரே ஆள்தான்.

அர்ஹீனியஸ் 1859 பிப்ரவரி 19-இல் சுவீடனின் உப்சாலா நகருக்கு அருகிலுள்ள வீக் என்ற இடத்தில் பிறந்தார். தந்தை நில அளவையாளர். மூன்று வயதிலேயே தாமாக எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கிய மகன், தந்தையின் கணக்குப் புத்தகத்தைப் பார்த்துப் பார்த்தே கூட்டல் கழித்தலைக் கற்றுக்கொண்டதாகச் சொல்வார்கள்.

உப்பு நீரில் கரையும்போது மின்னூட்டமுள்ள துகள்களாகப் பிரிந்துவிடுகிறது என்பது அவருடைய முனைவர் பட்ட ஆய்வின் அடிப்படை. 1884-இல் உப்சாலாப் பேராசிரியர்கள் இதை நம்பவில்லை. ஏதோ தேர்ச்சி என்று சொல்லும் அளவுக்குக் கீழான தரத்தையே கொடுத்தார்கள். அவர் சோர்ந்துவிடாமல் ஆய்வேட்டின் படிகளை வெளிநாட்டு அறிஞர்களுக்கு அனுப்பினார். ரீகாவில் இருந்த ஓஸ்ட்வால்ட் அதைப் படித்துவிட்டு, அவரைப் பார்ப்பதற்காகவே உப்சாலாவுக்கு வந்தார். அதே ஆய்வின் தொடர்ச்சிக்காக 1903-இல் நோபெல் பரிசு கிடைத்தது. அப்பரிசைப் பெற்ற முதல் சுவீடன்காரர் அவர்தான். நம்பாதவர்களை நம்ப வைக்க அவருக்குப் பத்தொன்பது ஆண்டுகள் ஆயின. அவருடைய இன்னொரு கணக்குக்கு ஆயுள் போதவில்லை.

அந்தக் கணக்கை அவர் தொடங்கியது 1894-ஆம் ஆண்டு கிறிஸ்துமசுக்கு முதல் நாள். அவர் தேடியது புவி சூடாவதற்கான விடையல்ல. ஐரோப்பாவை ஒரு காலத்தில் பனி மூடியிருந்தது ஏன் என்ற கேள்வி அப்போது ஸ்டாக்ஹோமில் சூடாக விவாதிக்கப்பட்டது. காற்றிலுள்ள கரிவளி குறைந்ததால்தான் குளிர்ந்ததோ என்று பார்க்க நினைத்தார். (தமிழ்ப்பள்ளியில் கரிவளி என்று படித்தோம், இடைநிலைப்பள்ளியில் அதுவே கார்பன் டையோக்சிடா ஆனது. எப்படி அழைத்தாலும் அது வெப்பத்தைப் பிடித்து வைக்கிறது.) நீராவியும் கரிவளியும் வெப்பக் கதிர்களை உறிஞ்சும் என்பதை, அர்ஹீனியஸ் பிறந்த அதே 1859-இல் ஜான் டிண்டால் இலண்டனில் அளந்து காட்டியிருந்தார். எவ்வளவு கரிவளிக்கு எத்தனை பாகை என்பதைத்தான் யாரும் கணக்கிட்டிருக்கவில்லை.

கணினி இல்லாத காலம். அமெரிக்க வானியலாளர் லாங்லி நிலாவிலிருந்து வரும் வெப்பத்தை அளந்து வைத்திருந்தார். நிலா அடிவானத்தருகே இருக்கும்போது அதன் கதிர் அதிகக் காற்றைக் கடந்து வரும். உச்சியில் இருக்கும்போது குறைவான காற்றைக் கடக்கும். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டிலிருந்து, காற்று எவ்வளவு வெப்பத்தை விழுங்குகிறது என்று அர்ஹீனியஸ் பிரித்தெடுத்தார். பிறகு நிலநடுக்கோட்டுக்கு வடக்கிலும் தெற்கிலும் பத்துப் பத்துப் பாகையாக உலகைப் பட்டை போட்டு, ஒவ்வொரு பட்டைக்கும் ஆண்டின் நான்கு பருவங்களுக்கும் தனித்தனியாகக் கையால் கணக்குப் போட்டார். ஓராண்டு ஓடியது. அதே காலத்தில் அவருடைய மணவாழ்க்கையும் முறிந்தது. 1894-இல் தம் மாணவி சோஃபியா ருட்பெக்கை மணந்தார். 1895-இல் ஒரு மகன் பிறந்தான். 1896-இல் இருவரும் பிரிந்துவிட்டார்கள்.

1896 ஏப்ரலில் விடை அச்சானது. கரிவளி இரட்டிப்பானால் புவியின் சராசரி வெப்பம் 5 முதல் 6 பாகை செல்சியஸ் உயரும் என்றார். பிறகு அதை 4 பாகையாகக் குறைத்தார். இன்றைய கணினிகள் சொல்லும் சிறந்த மதிப்பீடு ஏறக்குறைய 3 பாகை. காகிதத்தையும் பேனாவையும் வைத்துக்கொண்டு இவ்வளவு அருகில் வந்ததை நினைத்தால் எனக்கு இன்னமும் வியப்புதான்.

நிலக்கரியை எரித்து மனிதனே கரிவளியைக் கூட்டுகிறான் என்பதும் அவருக்குத் தெரியும். அவருடைய நண்பர் ஹேக்பொம் அதற்கான கணக்கை வைத்திருந்தார். அப்படியானால் அவர் ஏன் எச்சரிக்கவில்லை? முதலாவது, அது நடக்க ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகும் என்று நினைத்தார். வெளியாகும் கரிவளியில் பெரும் பங்கைக் கடல் விழுங்கிவிடும் என்றும் நம்பினார். இரண்டாவது, அவர் வாழ்ந்தது ஸ்டாக்ஹோமில். குளிர்காலத்தில் மதியம் மூன்று மணிக்கே இருட்டிவிடும் ஊர் அது. அங்கே இருந்துகொண்டு பார்த்தால், உலகம் சற்றுச் சூடாவது நல்ல செய்தி. விளைச்சல் பெருகும், பனியுகம் திரும்பாது. கோலாலம்பூரில் மதியம் இரண்டு மணிக்குப் பேருந்துக்காக நிற்பவருக்கு அந்த எண்ணம் வராது. அவர் போட்ட கணக்கில் நம் பட்டையும் இருந்தது. ஆனால் அது நல்லதா கெட்டதா என்று முடிவு செய்தபோது நாம் அவர் நினைவில் இருந்ததாகத் தெரியவில்லை.

மற்றவர்கள் நம்ப மறுத்ததற்குக் காரணம் வேறு. 1900-இல் அதே சுவீடனைச் சேர்ந்த இயற்பியலாளர் கூனுட் ஓங்ஸ்ட்ரோம் ஒரு குழாயில் கரிவளியை நிரப்பி, அதன் வழியே வெப்பக் கதிரைச் செலுத்திப் பார்க்க ஏற்பாடு செய்தார். மூன்றில் ஒரு பங்கு கரிவளியைக் குறைத்தும் உறிஞ்சும் அளவு அதிகம் மாறவில்லை. ஆகவே இருக்கும் கரிவளியே போதுமான அளவு உறிஞ்சிவிட்டது, மேலும் சேர்த்தாலும் ஒன்றும் ஆகாது என்று முடிவுகட்டினார்கள். கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது. ஆனால் காற்று மண்டலம் ஒரு குழாயல்ல. அது அடுக்கடுக்கானது. கீழடுக்கு உறிஞ்சிய வெப்பம் மேலடுக்குக்குப் போய், அங்கிருந்து இன்னும் மேலே போய், கடைசியில் மெல்லிய, குளிர்ந்த, நீராவி குறைந்த உயரத்திலிருந்துதான் விண்வெளிக்குத் தப்புகிறது. கரிவளி கூடினால் அந்த உயரமும் கூடும். மேலே குளிர் அதிகம்; குளிர்ந்த காற்று குறைவான வெப்பத்தையே வெளியே அனுப்பும். மிச்சம் இங்கேயே தங்கும். அர்ஹீனியஸ் மறுப்பு எழுதிப் பார்த்தார். எடுபடவில்லை. ஒரு குழாய்ச் சோதனை ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் அறிஞர்களையே திருப்தியாக உட்கார வைத்துவிட்டது.

அவரோ எண்களைத் தொடர்ந்து கவனித்து வந்தார். 1890-இல் உலகம் எரித்த நிலக்கரி 51 கோடி டன்; 1904-இல் 89 கோடி டன். இதைத் தம் நூலில் பதிவு செய்து, ஆயிரக்கணக்கான ஆண்டுகள் என்பதைச் சில நூற்றாண்டுகளாகச் சுருக்கிக்கொண்டார். அவரைத் தெய்வமாக்கவும் தேவையில்லை. இனத்தூய்மை பேசிய சுவீடன் சங்கத்தின் நிர்வாகத்தில் அவரும் இருந்தார். கணக்கில் தேர்ந்தவர் எல்லாவற்றிலும் சரியாக இருப்பார் என்று எதிர்பார்க்க முடியாது.

முதல் உலகப் போருக்குப் பிறகு, நிலக்கரியையும் எண்ணெயையும் நம்பியிருக்கக் கூடாது, நீர்வீழ்ச்சிக்கும் சூரிய ஒளிக்கும் மாற வேண்டும் என்று எழுதினார். கரிவளியை அதற்குக் காரணமாக அவர் காட்டவில்லை. எரிபொருள் தீர்ந்துவிடும் என்பதே அவர் கவலை. இன்று உலகம் ஆண்டுக்கு 800 கோடி டன்னுக்கு மேல் நிலக்கரியைப் பயன்படுத்துகிறது. அது இன்னும் தீரவில்லை.

1927 அக்டோபர் 2-இல் அவர் ஸ்டாக்ஹோமில் காலமானார். உப்சாலாவில் அடக்கம் செய்யப்பட்டார். 1938-இல் இங்கிலாந்தின் நீராவிப் பொறியாளர் காலண்டர், வெப்பநிலைப் பதிவேடுகளைத் திரட்டி, உலகம் சூடாகத் தொடங்கிவிட்டது என்றார். அவரையும் வானிலை அறிஞர்கள் நம்பவில்லை. 1958-இல் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் சார்லஸ் கீலிங் காற்றை அளக்க ஆரம்பித்தார். பத்து லட்சம் பங்கு காற்றில் கரிவளி ஏறக்குறைய 315 பங்கு இருந்தது. அர்ஹீனியஸ் கணக்குப் போட்ட காலத்தில் அது 300-ஐக்கூடத் தொட்டிருக்கவில்லை. இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது.