பேராசிரியர் ஜான் நியூபோர்ட் லாங்லி

அட்ரீனலின் என்னும் சுரப்புநீர் இரத்தத்தோடு கலந்து உடலெங்கும் ஓடுகின்றது. அதனால் இதயம் விரைகின்றது, குடலோ ஓய்கின்றது. தோலின் இரத்தக்குழாய்கள் சுருங்குகின்றன, மூச்சுக்குழாய்களோ விரிகின்றன. பொருள் ஒன்றாயிருக்கப் பயன் பலவாதல் எங்ஙனம்? இவ்வினாவிற்கு விடை கண்டாருள் முதன்மையானவர் பேராசிரியர் லாங்லி. அவர்தம் சரித்திரத்தை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

லாங்லி 1852-ம் ஆண்டில் இங்கிலாந்து தேசத்து நியூபரி நகரிற் பிறந்தார். 1871-ல் கேம்பிரிட்ஜிலுள்ள செயின்ட் ஜான்ஸ் கலாசாலையிற் சேர்ந்தபொழுது, தாய்நாட்டிலேனும் இந்தியாவிலேனும் அரசாங்க உத்தியோகம் பெறுதலே அவர் நோக்கமாயிருந்தது. ஆங்கே மைக்கேல் பாஸ்டர் என்னும் ஆசிரியரின் உடலியற் போதனை அவருள்ளத்தைக் கவர்ந்தது. உத்தியோகமும் ஊதியமும் கைகூடத்தக்க வழியை விடுத்து, பயன் யாதென முன்னறியவியலாத ஆராய்ச்சி வழியை அவர் மேற்கொண்டார்.

1875-ல் பாஸ்டர் அவர்கள் ஜபோராண்டி என்னும் மூலிகையின் சாரத்தை அவரிடம் கொடுத்து, இதயத்தில் அது செய்யும் வினையை ஆராயுமாறு பணித்தார். அதிலிருந்து உமிழ்நீர்ச் சுரப்பிகளின் ஆராய்ச்சி தொடங்கிற்று. ஜபோராண்டிச்சத்துச் சுரப்பைப் பெருக்க, அட்ரோப்பின் அதனைத் தடுக்கக் கண்ட லாங்லி, அவ்விரண்டும் பற்றிக்கொள்ளும் ஏதோவொரு பொருள் அவ்விடத்திலுண்டென 1878-லேயே உய்த்துணர்ந்தார்.

பின்னர்ப் பல்லாண்டுகள் நரம்புகளை ஆராய்ந்தார். 1903-ல் பாஸ்டருக்குப்பின் உடலியற் பேராசிரியரானார். 1905-ல் அவர் வெளியிட்ட சோதனையே அவர் புகழுக்கு அடிப்படையாம். கோழியின் தசையில் நிக்கோட்டினைச் செலுத்தின் அது சுருங்கிற்று. நரம்பை அறுத்து அது நலிந்தொழிந்த பின்னரும் அவ்வாறே சுருங்கிற்று. ஆகவே நிக்கோட்டின் பற்றுமிடம் நரம்பன்று. குராரே என்னும் நஞ்சு நிக்கோட்டினின் வினையைத் தடுத்தது. ஆயினும் தசையை நேரே தூண்டின் அது சுருங்கிற்று. ஆகவே பற்றுமிடம் சுருங்கும் பொருளுமன்று. இரண்டிற்கும் வேறாய், உயிரணுவினிடத்தே ஏற்கும் பொருளொன்று இருத்தல் வேண்டுமென அவர் முடிவு செய்தார். எழுப்புவனவும் அடக்குவனவுமாக அவை இருவகைப்படுமென்றும், எவ்வகை மிகுதியோ அதற்கேற்பவே உறுப்பின் வினை அமையுமென்றும் விளக்கினார்.

இக்கொள்கையை அக்காலத்தறிஞர் பலர் எளிதில் ஒப்பினாரல்லர். கண்ணாற் காணாத பொருளைக் கற்பித்தல் தகாதென எண்ணினர். லாங்லி வாதப்போரிற் காலங்கழியாது, தம் சோதனைகளையும், 1894 முதல் தம் பொறுப்பிலிருந்த உடலியற் பத்திரிகையையும் கண்ணுங்கருத்துமாய்க் காத்துவந்தார். பிறர் கட்டுரைகளைத் திருத்துவதில் அவர் காட்டிய கண்டிப்புப் பேர்பெற்றது. 1925-ம் ஆண்டு நவம்பர் மாதத்தில் அவர் உயிர்நீத்தபொழுதும் அவர் கூறிய பொருளைக் கண்டார் ஒருவருமிலர்.

1948-ல் அமெரிக்க அறிஞர் ஆல்குவிஸ்ட், அட்ரீனலினை ஏற்பவை ஆல்பா, பீட்டா என இருவகைப்படுமென்று பல உறுப்புகளின் வினைகொண்டு காட்டினார். 1986-ல் பீட்டா வகையுள் ஒன்றன் அமைப்பே வெளிப்பட்டது. இன்று, ஓர் உறுப்பில் எவ்வகை ஏற்பி எத்துணை உளதென்பதறிந்து, இதயத்திற்கும் மூச்சுக்குழாய்க்கும் வெவ்வேறு மருந்துகளை வைத்தியர் வழங்குகின்றனர்.

மாணவ நண்பர்காள்! தூதுரை ஒன்றேயாயினும் கேட்பாரின் இயல்பிற்கேற்பப் பயன் வேறுபடும் என்பதை லாங்லி உயிரணுக்களிற் கண்டார். தம் வாழ்நாளில் உறுதிப்பாடு கிட்டாவிடினும், சோதனை காட்டிய வழியினின்று அவர் பிறழவில்லை. கல்வியை ஊதியத்தால் அளக்கும் நமக்கு அவர் வாழ்க்கை நல்லதோர் பாடமாகுக.