குடையோடு போன பிரதமர்

குட்டீஸ்! உங்கள் வகுப்பில் ஒரு முரடன் இருக்கிறான் என்று வைத்துக் கொள்ளுங்கள். உங்கள் நண்பனின் டிபன் பாக்ஸ் தனக்கு வேண்டும் என்று மிரட்டுகிறான். கொடுத்து விட்டால் சண்டை இல்லை. மறுத்தால் வகுப்பே ரணகளமாகி விடும். நீங்கள் தான் வகுப்புத் தலைவர். என்ன செய்வீர்கள்?

இப்படி ஒரு தர்மசங்கடம், 1938ல் பிரிட்டன் பிரதமருக்கு வந்தது. அவர் தான் நெவில் சேம்பர்லின். எங்கே போனாலும் கையில் ஒரு குடையோடு போனவர்!

இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில், 1869, மார்ச் 18ல் பிறந்தார். தந்தை ஜோசப் புகழ் பெற்ற அரசியல் தலைவர். மகனை 22 வயதில், பஹாமாஸ் தீவுகளில் ஒன்றான ஆண்ட்ரோசுக்கு அனுப்பினார். கயிறு திரிக்க நார் தரும் கற்றாழை வகையைப் பயிரிடும் வேலை. ஆறு ஆண்டுகள் வெயிலில் பாடுபட்டும் செடி சரியாக வளரவில்லை. தந்தையின் பணம், 50 ஆயிரம் பவுண்டு போயே போச்சு!

ஊர் திரும்பிய நெவில் துவண்டு விடவில்லை. தொழில் செய்து முன்னேறினார். 1915ல் பர்மிங்காம் மேயரானார். 1918ல் பார்லிமென்டுக்குள் நுழைந்த போது, அவருக்கு வயது 49. பின் அமைச்சராகி, வீடு கட்டவும், விதவைகளுக்கு ஓய்வூதியம் கிடைக்கவும் சட்டங்கள் கொண்டு வந்தார்.

அவர் மனதில் ஆறாத காயம் ஒன்று இருந்தது. உயிருக்கு உயிரான சித்தப்பா மகன் நார்மன், முதல் உலகப் போரில், 1917ல் பிரான்சில் கொல்லப்பட்டார். அவரைப் பற்றி ஒரு நூலே எழுதினார் நெவில். இனி ஒரு போர் வரவே கூடாது என்பது அவரது தீராத ஆசை.

1937, மே மாதம் பிரதமரானார். அப்போது ஜெர்மனியை ஆண்டவர், சர்வாதிகாரி ஹிட்லர். 1938, மார்ச்சில் ஆஸ்திரியாவை விழுங்கிய ஹிட்லர், அடுத்து செக்கோஸ்லோவாகியா மீது கண் வைத்தார். அந்நாட்டு எல்லையில் இருந்த சுடேட்டன் பகுதியில், 30 லட்சம் ஜெர்மானியர் வாழ்ந்தனர். அதைக் கொடுக்காவிட்டால் போர் என்று மிரட்டினார்.

விமானப் பயணம் அபூர்வமாக இருந்த காலம் அது. ஆனாலும், 69 வயது சேம்பர்லின் விமானம் ஏறி, ஒரே மாதத்தில் மூன்று முறை ஜெர்மனிக்குப் பறந்தார். செப்டம்பர் இறுதியில், மியூனிக் நகரில் பிரிட்டன், பிரான்ஸ், இத்தாலி, ஜெர்மனி தலைவர்கள் கூடிப் பேசினர். சுடேட்டன் பகுதி ஹிட்லருக்கு என்று முடிவானது.

இதில் ஒரு கொடுமை... நிலத்துக்குச் சொந்தமான செக்கோஸ்லோவாகியாவுக்கு அந்தக் கூட்டத்தில் இடமே இல்லை! அதன் பிரதிநிதிகள் விடுதியில் காத்திருந்தனர். முடிவு மட்டும் அவர்களிடம் சொல்லப்பட்டது. கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்தது போல ஆனது கதை. அந்நாட்டைக் காத்த மலைகளும், கோட்டை அரண்களும் அந்தப் பகுதியில் தான் இருந்தன. அவையும் கை விட்டுப் போயின.

லண்டன் திரும்பிய சேம்பர்லின், இரு நாடுகளும் இனி போரிடுவதில்லை என்று ஹிட்லர் கையெழுத்திட்ட தாளை உயர்த்திக் காட்டினார். கூடியிருந்த மக்கள் ஆரவாரம் செய்தனர். போர் வராது என்று தாய்மார்கள் நிம்மதிப் பெருமூச்சு விட்டனர். தவறு செய்கிறீர்கள் என்று பார்லிமென்டில் எச்சரித்த சிலரில் ஒருவர், வின்ஸ்டன் சர்ச்சில்.

ஆறே மாதம் தான். 1939, மார்ச் 15ல் ஹிட்லரின் படை பிராக் நகருக்குள் புகுந்தது. தாளில் இருந்த வாக்குறுதி காற்றில் பறந்தது. அடுத்து போலந்தைத் தொட்டால் உதவிக்கு வருவோம் என்று உறுதி கொடுத்தார் சேம்பர்லின். செப்டம்பர் 1ல் போலந்து தாக்கப்பட்டது. 3ம் தேதி, ஹிட்லர் மீது போர் அறிவித்தவர், போரை அவ்வளவு வெறுத்த அதே சேம்பர்லின் தான்!

1940, மே 10ல் பதவி விலகினார், சர்ச்சில் பிரதமரானார். அதே ஆண்டு, நவம்பர் 9ல், புற்றுநோயால் சேம்பர்லின் இறந்தார்.

அவர் செய்தது சரியா, தவறா? வரலாற்று அறிஞர்கள் இன்றும் வாதாடுகின்றனர். கிடைத்த ஓராண்டில் பிரிட்டன் போர் விமானங்களையும், ரேடார் நிலையங்களையும் பெருக்கிக் கொண்டது என்கின்றனர் சிலர். அந்த ஓராண்டில், செக் நாட்டு ஆயுதங்களையும் தொழிற்சாலைகளையும் பிடித்து, ஹிட்லரும் பலம் பெற்றார் என்கின்றனர் மற்றவர்.

குட்டீஸ், பேச்சுவார்த்தை நடத்துவது கோழைத்தனம் அல்ல. சண்டையைத் தவிர்க்கப் பேசித் தான் ஆக வேண்டும். ஆனால், எதிரில் இருப்பவர் சொன்ன சொல்லைக் காப்பவரா என்று பார்க்க வேண்டும். அடுத்தவர் பொருளை, அவரைக் கேட்காமல் கொடுத்து சமாதானம் வாங்கக் கூடாது.

இப்போது சொல்லுங்கள்... அந்த டிபன் பாக்ஸ் விஷயத்தில், முதலில் யாரிடம் பேசுவீர்கள்? முரடனிடமா, உங்கள் நண்பனிடமா?