யுவான் சுவாங் கண்ட காஞ்சி

நெடுந்தொலைவு கடந்து திருத்தலம் அடைவோர் அனைவரும் மனநிறைவு பெறுவதில்லை. நெஞ்சில் வளர்ந்த தலம் ஒன்றாகவும், கண்முன் காணும் தலம் வேறாகவும் இருப்பதுண்டு. அத்தகைய ஏமாற்றத்தை மீண்டும் மீண்டும் எதிர்கொண்டவர் சீனப் பௌத்தத் துறவி யுவான் சுவாங். பிற சமயத்தவராயினும், தமிழகத்துச் சமணத்தின் தொன்மைக்குச் சான்று விட்டுச் சென்றவராதலின், அவர் வரலாறு நாம் அறியத்தக்கது.

கி.பி. 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிறந்த அவர், தமையனாரைப் பின்பற்றி இளமையிலேயே துறவு பூண்டார். சீன மொழியில் பெயர்க்கப்பட்ட அறநூல்கள் தம்முள் முரண்படக் கண்டு, மூலநூல்களைக் கற்கவும் புத்தர் வாழ்ந்த இடங்களை வணங்கவும் விழைந்தார். எல்லை கடக்க அரசு தடை விதித்திருந்தமையால், 629 அளவில் மறைவாகப் புறப்பட்டார். பாலைவனத்தில் தண்ணீர்ப்பை கைதவறிக் கவிழ, நான்கு இரவும் ஐந்து பகலும் நீரின்றித் தவித்தார்.

உயிரைப் பணயம் வைத்து வந்தவருக்குச் சிராவஸ்தியும் கபிலவஸ்துவும் பாழ்நிலங்களாகவே காட்சியளித்தன. புத்தகயையில் போதிசத்துவர் திருவுருவம் ஒன்று மார்பளவு மண்ணில் புதைந்திருந்தது. அது முழுதும் மறையும் நாளில் அறமும் மறையும் என மக்கள் நம்பினர். அறம் செழித்த காலத்தில் பிறவாது போனமைக்கு வருந்தி, அவர் நிலத்தில் வீழ்ந்து அழுதார்.

பகவான் மகாவீரரோடு தொடர்புடைய வைசாலியிலும் பௌத்தப் பள்ளிகள் பெரும்பாலும் இடிந்திருந்தன. நிர்கிரந்தர்களோ மிகப் பலராக வாழ்ந்தனர். இராஜகிருகத்து விபுலமலையில் திகம்பரத் துறவியர் இடையறாது தவம் இயற்றியதையும் அவர் குறித்துள்ளார். நம் சமயத்தைப் பற்றி அவர் எழுதியவை அனைத்தும் பரிவானவை அல்ல. எனினும் கண்டதை மறைக்கவில்லை.

நாலந்தாவில் சீலபத்திரரிடம் யோகாசார நூல்களைக் கற்றபின், ஈழத்து அறிஞர்களிடம் மேலும் தெளிவு பெறலாம் என்ற அவாவுடன் தெற்கே பயணமானார். 640 அளவில், முதலாம் நரசிம்மவர்மப் பல்லவர் ஆட்சியில் காஞ்சியை அடைந்தார். அங்கும் ஏமாற்றமே காத்திருந்தது. ஈழத்து மன்னன் இறந்தான், நாட்டில் பஞ்சம், துறவியர் முந்நூற்றுவர் அளவில் கடல் கடந்து இந்தியா வந்திருந்தனர். அவர்களிடம் தம் ஐயங்களைக் கேட்டார். சீலபத்திரர் உரைத்ததற்கு மேலான விளக்கம் எதுவும் கிடைக்கவில்லை. ஈழம் செல்லும் எண்ணத்தைக் கைவிட்டார்.

ஆயினும் காஞ்சியை அவர் வெறுங்கையோடு நீங்கவில்லை. திராவிட நாட்டில் நிர்கிரந்தர் பலர் வாழ்ந்தமையை எழுதி வைத்தார். அதற்கும் தெற்கே மலகூட நாட்டில் பௌத்தப் பள்ளிகள் சுவர்களாய் எஞ்ச, நிர்கிரந்தர் பெருந்தொகையினராய் விளங்கியதையும் பதிவு செய்தார்.

645இல் 657 நூல்களுடன் தாயகம் திரும்பினார். 664இல் மறையும் வரை, ஏறத்தாழ 19 ஆண்டுகள் மொழிபெயர்ப்பிலேயே கழித்தார். இந்தியாவில் மூலம் அழிந்துபோன நூல்கள் சில அவருடைய சீன மொழிபெயர்ப்பில் இன்றும் வாழ்கின்றன. தலங்கள் பாழ்பட்டது கண்டு அழுத கண்களே நூல்களைக் காத்தன.

அவர் பெருந்தொகையினராகக் கண்ட தமிழ்ச் சமணர் இன்று சிறு தொகையினர். மேனாம்பேடு, அம்பத்தூர்ப் பகுதிகளிலிருந்து நம் குடும்பத்தினர் காஞ்சிக்கு அருகே திருப்பருத்திக்குன்றம் சென்று திரைலோக்கியநாதரை வணங்குகின்றனர். அங்கு விளக்கெரிகிறது. ஆனால் ஆளரவமற்ற குன்றுகளில் சிதைந்த தீர்த்தங்கரர் திருவுருவங்களைக் காணும் நம் இளைஞர் மனம் சோர்தல் இயல்பே. அச்சோர்வோடு வீடு திரும்புவோர், பரணில் உறங்கும் முன்னோர் ஓலைச்சுவடிகளை எடுத்துத் தூசு தட்டிப் படியெடுக்க முற்படுவாராயின், அப்பயணம் வீண்போகாது.