விளக்கேந்திய மங்கை ஏன் படுக்கையில் விழுந்தார்?

2012 செப்டம்பர் 5. சிவகாசி அருகே முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்ததில் சுமார் 40 பேர் இறந்தார்கள். காப்பாற்ற ஓடிவந்தவர்களும் அதில் உண்டு. விருதுநகர் மாவட்டத்தில் இப்படி ஒரு நாள் முடிந்தாலும், 108 ஊழியருக்கும் நர்ஸுக்கும் அடுத்த ஷிஃப்ட் காத்திருக்கும். தீராத வேலை அழுத்தத்தில் ஆளே வற்றிப்போய், செய்கிற வேலையே அந்நியமாகிவிடுவதைத்தான் ‘பர்ன் அவுட்’ என்கிறார்கள். 2019-ல் உலக சுகாதார நிறுவனம் இதை நோய் என்று சொல்லவில்லை, வேலை சார்ந்த நிலை என்றது.

நர்ஸிங் மாணவிகள் விளக்கேற்றி உறுதிமொழி எடுக்கும்போது நினைக்கப்படும் ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேலின் கதையிலும் இப்படி ஒரு பாதி இருக்கிறது. அதைப் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை.

1820-ல் பிறந்தவர். பணக்கார ஆங்கிலேயக் குடும்பம். நர்ஸ் வேலைக்கு வீட்டில் கடும் எதிர்ப்பு. மீறித்தான் வந்தார். 1854 நவம்பரில், கிரீமியப் போரில் காயம்பட்டவர்களைக் கவனிக்க 38 பெண்களோடு இன்றைய இஸ்தான்புல்லில் இருந்த ஸ்குட்டாரி மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கே கட்டிடத்துக்கு அடியிலேயே சாக்கடை. குண்டுக் காயத்தைவிட காலராவும் வயிற்றுப்போக்கும் டைஃபஸ் காய்ச்சலும்தான் அதிகம் பேரைக் கொன்றன. 1855 பிப்ரவரியில் சேர்ந்தவர்களில் நூற்றுக்கு 40 பேருக்கு மேல் இறந்தார்கள். மார்ச்சில் சுகாதாரக் குழு வந்து சாக்கடையைச் சுத்தம் செய்த பிறகே அது சரசரவென இறங்கியது.

மே மாதம் அவருக்கே கடும் காய்ச்சல். பிழைப்பதே சந்தேகம் என்ற நிலை. ஆனாலும் ஊருக்குப் போக மறுத்துவிட்டார். 1856 ஆகஸ்ட்டில் திரும்பியபோது வரவேற்பு எதுவும் வேண்டாமென்று, மிஸ் ஸ்மித் என்ற பெயரில் பயணம் செய்தார்.

அடுத்துதான் பேரிடி. புள்ளியியலாளர் வில்லியம் ஃபாருடன் உட்கார்ந்து கணக்குப் பார்த்தபோது, தன் மருத்துவமனையே சாவுக்கூடமாக இருந்தது புரிந்தது. 1857 ஆகஸ்ட்டில் ஒடிந்து விழுந்தார். வயது 37. படபடப்பு, தூக்கமின்மை, விரக்தி. ஒரு நேரத்தில் ஒருவரைத்தான் பார்க்க முடிந்தது. அந்தப் பழைய காய்ச்சல் புரூசெல்லா கிருமியாக இருக்கலாம் என்கிறது ஒரு மருத்துவ ஆய்வு. குற்றவுணர்வு என்கிறார்கள் சில வரலாற்றாசிரியர்கள். இரண்டுமே இருந்திருக்கலாம். உடம்பு வேறு, மனசு வேறு என்று பிரித்துப் பார்ப்பதில் பெரிய அர்த்தமில்லை.

கவனிக்க வேண்டியது, படுக்கையிலிருந்து அவர் செய்ததை. நர்ஸுகள் இன்னும் பொறுமையாக இருக்கணும் என்று மட்டும் சொல்லி அவர் நிறுத்திக்கொள்ளவில்லை; கட்டிடத்தை, கழிவுநீரை, கணக்கை மாற்றச் சொன்னார். போருக்கு முன்பே, 1853-ல் லண்டனில் ஒரு சிறு மருத்துவமனையை நடத்தியபோது, மேல்மாடிகளுக்குக் குழாயில் வெந்நீரும், சாப்பாடு ஏற்ற லிஃப்ட்டும் வேண்டும் என்று கேட்டவர் அவர். படியேறி இறங்கியே நர்ஸின் தெம்பு தீர்ந்துவிடக் கூடாது என்பதுதான் காரணம். முதலிப்பட்டியில் மோசமாகக் கருகியவர்களைத் தூக்கிக்கொண்டு மதுரை வரை ஓட வேண்டியிருந்தது. விருதுநகருக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்தது 2022-ல்தான்.

1860-ல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் நர்ஸிங் பள்ளி தொடங்கினார். இந்தியாவுக்கு ஒருமுறைகூட வராமலே, இங்கிருந்த ராணுவ முகாம்களின் சுகாதாரம் பற்றி எழுதிக் குவித்தார். 1876-78 சென்னை மாகாணப் பஞ்சத்தின்போது பாசனத்துக்காகவும் வாதாடினார். வயதான பிறகு உடம்பு ஓரளவு தேறியது, பார்வை போய்விட்டது. 1910 ஆகஸ்ட் 13 அன்று, 90 வயதில், தூக்கத்திலேயே இறந்தார். வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அடக்கம் செய்ய முன்வந்தபோது குடும்பம் மறுத்துவிட்டது. ஊர்க் கல்லறையில் அவர் பெயருக்கு இருப்பது இரண்டே முதலெழுத்துகள்.