பாம்பின் இதயமும் டாக்டர் சென்னும்

கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். பௌர்ணமி தவறாம அதை நடந்தவர் எங்க தாத்தா. போன கார்த்திகை தீபத்தப்போ பாதியிலேயே மூச்சு வாங்கி உட்கார்ந்துட்டார். இதயம் பெருசாகி, பம்ப் பண்ற சக்தி குறைஞ்சிடுச்சுன்னு டாக்டர் சொன்னார். அன்னைக்கு ராத்திரி தேடிப் படிச்சப்போதான் டாக்டர் பிரபுல்ல குமார் சென் யாருன்னு எனக்குத் தெரிஞ்சது.

1915-ல் பிறந்த வங்காளி. வேலை பார்த்தது பம்பாய் கே.ஈ.எம். மருத்துவமனையில். பாம்பு மாதிரி ஊர்வனவற்றின் இதயத்தில், உள்ளே இருக்கும் ரத்தமே நேரா தசைச் சுவருக்குள் ஊறிப் போகும். அடைப்பு வந்த மனித இதயத்துக்கும் அப்படி வழி செய்யலாமேன்னு யோசிச்சு, 1960-களில் இதயச் சுவரில் ஊசியால் நுண்துளை போட்டுப் பார்த்தார். பின்னாடி மத்தவங்க இதையே லேசர் வச்சு செஞ்சாங்க.

முழுசா செயலிழந்த இதயத்துக்கு அது போதாது. நாய்களில் பல வருஷம் பயிற்சி எடுத்தார். 1967 டிசம்பர் 3-ல் கேப்டவுனில் பர்னார்ட் உலகின் முதல் மனித இதய மாற்று அறுவையைச் செய்தார். சரியா 75 நாள் கழிச்சு, 1968 பிப்ரவரி 16-ல், சென் அதை இந்தியாவில் செய்தார். நோயாளி சில மணி நேரம்தான் உயிரோடு இருந்தார். அதே வருஷம் செய்த இரண்டாவது முயற்சியும் தோற்றது. நுரையீரல் ரத்தக் குழாய்களில் எதிர்ப்பு அதிகம்; புது இதயத்தால் அதை எதிர்த்துத் தள்ள முடியலை. நம்ம பாஷையில் சொன்னா, பம்ப் நல்ல பம்ப்தான், ஹெட் ரொம்ப அதிகம்.

சென் 1982-ல் இறந்தார். 1985-ல் பாரிஸில் கார்ப்பென்டியே, நோயாளியின் முதுகுத் தசையையே எடுத்து இதயத்தைச் சுத்திப் போர்த்தி, மின்துடிப்பால் சுருங்க வச்சார். சாதாரண தசை சீக்கிரம் களைச்சுப் போகும். அதனால வாரக்கணக்கில் அதைப் பழக்கினாங்க. இந்தியாவில் வெற்றிகரமான இதய மாற்று நடந்தது 1994-ல், டெல்லி எய்ம்ஸில். மூளைச்சாவை ஏத்துக்கிட்ட சட்டம் வந்ததும் அதே வருஷம்தான். சென்னுக்கு அந்தச் சட்டமும் இல்லை, இன்னைக்கு இருக்கிற மருந்தும் இல்லை.

தாத்தா இப்போ மாத்திரையில் இருக்கார். ராஜகோபுரம் வரைக்கும் மெதுவா நடக்கிறார். ப்ராஜெக்ட் ரெண்டு தடவை ஃபெயில் ஆனதும் தலைப்பையே மாத்திட நினைக்கிற நம்மளுக்கு, சென்னோட 1968 ஞாபகம் இருக்கட்டும்.