எச்.டி.2 விமானம் தந்த டாக்டர் காட்கே

பிரேசர் டவுனிலும் சுற்றியுள்ள தண்டுப் பகுதியிலும் எச்.ஏ.எல். ஷிப்டுக்குப் போய் வந்த தமிழர்கள் ஏராளம். ஆனால் அங்கே முதல் இந்திய விமானத்தை வடிவமைத்தவர் யார் என்று கேட்டால் பலருக்குத் தெரியாது. அவர்தான் டாக்டர் வி.எம். காட்கே.

1908ல் கோல்ஹாப்பூர்ப் பகுதியில் ஒரு கிராமத்தில் பிறந்தவர். பம்பாயில் படித்துவிட்டு ஜெர்மனிக்குப் போனார். காற்றோட்ட விஞ்ஞானத்தின் தந்தை எனப்படும் பிராண்டலிடம் கோட்டிங்கன் நகரில் ஆராய்ச்சி செய்து, 1936ல் டாக்டர் பட்டம் பெற்றார். அந்தப் படிப்புக்கு ஏற்ற வேலை அப்போது நம் நாட்டில் ஏது?

1940 டிசம்பரில் வால்சந்த் ஹீராசந்தின் முயற்சியாலும் மைசூர் அரசின் உதவியாலும் பெங்களூரில் விமானத் தொழிற்சாலை பிறந்தது. காட்கே அதில் சேர்ந்தார். அமெரிக்க விமானங்களின் பாகங்களைச் சேர்த்துப் பூட்டுவதுதான் அங்கு முதல் வேலை. யுத்தம் முற்றியதும் ரிப்பேர் வேலை குவிந்தது. வரைபடம் போடுவது வெள்ளைக்காரன் வேலை, ரிவெட் அடிப்பது நம் வேலை என்று இருந்த காலம் அது. அந்தக் காலத்திலேயே பத்துப் பேர் அமரும் கிளைடர் ஒன்றை அவர் வடிவமைத்தார்.

ஒருவர் மட்டும் தெரிந்து வைத்திருந்தால் போதாது, வரைபட மேஜைக்கு ஆள் வேண்டும் அல்லவா? 1942 டிசம்பரில் டாட்டா இன்ஸ்டிட்யூட்டில் விமானப் பொறியியல் துறை தொடங்கியபோது, அதன் முதல் தலைவராகி இளைஞர்களுக்குப் பாடம் சொன்னார். பிறகு தொழிற்சாலைக்கே திரும்பினார்.

1951 ஆகஸ்டில் எச்.டி.2 வானில் ஏறியது. இரண்டு பேர் முன்னும் பின்னும் அமரும் பயிற்சி விமானம். என்ஜின் மட்டும் இங்கிலாந்திலிருந்து வந்தது, 155 குதிரைச் சக்தி. வடிவமும் உடலும் நம்முடையவை. பயிற்சி விமானம்தானே என்று லேசாக எண்ணக்கூடாது. கற்றுக்கொள்ளும் பையன் தப்புச் செய்யத்தான் செய்வான். அவன் தப்பை விமானம் பொறுத்துக்கொள்ள வேண்டும். சுழன்று விழுந்தாலும் அவன் மீட்டெடுக்கும்படி இருக்க வேண்டும். சண்டை விமானத்துக்கு இல்லாத கஷ்டம் இதில் உண்டு.

150க்கும் மேற்பட்ட எச்.டி.2 விமானங்கள் இங்கே தயாராயின. விமானப்படையின் எத்தனையோ பைலட்டுகள் முதன்முதலில் கையாண்டது அதைத்தான். ஆப்பிரிக்காவில் கானா நாடு 1959ல் தன் விமானப்படையைத் தொடங்கியபோது வாங்கியதும் இதே விமானம்தான்.

அதன்பின் பறக்கும் கிளப்புகளுக்குப் புஷ்பக், ராணுவத்துக்குக் கிருஷக், 1964ல் கிரண் ஜெட் பயிற்சி விமானம் என்று வரிசையாக வந்தன. 1965ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 1991ல் காலமானார்.

விமானப் பொறியாளர்களின் அமைப்பான ஏரோநாட்டிகல் சொசைட்டி அவர் பெயரில் விருது வழங்கி வருகிறது. எச்.ஏ.எல். மாநாட்டு மண்டபத்துக்கும் அவர் பெயரே. எச்.டி.2 விமானம் ஒன்று எச்.ஏ.எல். அருங்காட்சியகத்தில் நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமையில் பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்கள் அதன் இறக்கையில் வரிசையாக இருக்கும் ரிவெட்டுகளையும் காட்டுங்கள். அதை அடித்த கைகளில் நம்மவர் கைகளும் உண்டு.